கடைசிக் குடம்

சாயங்காலம் ஆறு மணி ஆனால் பூதத்தானின் கால்கள் தாமாகவே, சாராயம் காய்ச்சும் ஜம்புவின் சந்துக்குள் திரும்பிவிடும். பம்பாயில் மதுவிலக்கு அமலில் இருந்தது. தாராவியில் அதை நம்பியது சர்க்கார் மட்டும்தான். தோல் பட்டறை விட்டால் ஜம்புவின் தகரக் கொட்டகை, கொட்டகை விட்டால் சாக்கடை ஓரம், அங்கிருந்து நாலு பேர் தூக்கிப்போய் வீட்டில் போடுவது என்று வருஷக்கணக்காக ஓடியது. போன வெள்ளிக்கிழமை பூமாரி அழவில்லை, புருஷனைத் திட்டவுமில்லை. டிரங்குப் பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்தாள். ஊருக்கு ரயிலேறப் போகிறாள் என்று புரிந்ததும் பூதத்தான் ஓடிப்போய்ச் சூடம் ஏற்றினான். இனித் தொடமாட்டேன் என்று சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தான். சத்தியம் செய்தாயிற்று, ஆறு மணியை என்ன செய்வது? பூமாரி போகவில்லைதான், ஆனால் பெட்டி வாசலிலேயே இருந்தது.

பக்கத்து வீட்டு முப்பிடாதியம்மாள்தான் வழி சொன்னாள். அந்த வீட்டு வரிசையில் அவள் வைத்ததுதான் சட்டம்.

"ஏல பூதத்தான், கொழாயடியில தெனமும் ஆறு மணிக்கு அடிதடியா கெடக்கு. நீ போயி வரிசையப் பாத்துக்கோ. கடசிக் கொடம் ரொம்பாம எந்திரிக்கப்படாது, பாத்துக்கோ."

போய் உட்கார்ந்தான். கைநடுக்கத்தில் அவன் தொட்ட குடமெல்லாம் கணகணவென்று ஆடியது. ஆனாலும் அதிகாரம் வந்துவிட்டதே! வரிசையில் நின்ற மர்யமின் குடத்தை நகர்த்திய கோமதியம்மாளை ஓர் அதட்டு அதட்டினான். கொஞ்ச நேரத்தில் ஜம்புவே காய்ச்சத் தண்ணீர் பிடிக்க டின்னோடு முன்னால் வந்து நின்றான்.

"பின்னால போவே. வரிசைன்னா வரிசைதான்."

"என்னவே, நம்மகிட்டயேவா?" ஜம்பு டின்னைச் சாய்த்துக் காட்டினான். உள்ளே ஒரு பாட்டில். "உமக்குத்தான். வேல முடிஞ்சதும் சந்துக்கு வாரும்."

பூதத்தானுக்கு நாக்கு வறண்டது. அதன்பின் அவன் விரட்டிய விரட்டில் வரிசை அநியாயத்துக்கு வேகமாக நகர்ந்தது. ஜம்பு டின்னை நிரப்பிக்கொண்டு சந்துமுனையில் போய் நின்றான். கடைசியாக ஒரு பித்தளைக் குடம். அதற்குள் குழாய் நூலாக இளைத்துவிட்டது. எவ்வளவு நேரம் வைத்தும் குடம் பாதிக்குமேல் ஏறவில்லை. தூக்கிப் பார்த்தான். குடத்தின் இடுப்பில் ஓர் ஓட்டை.

"யாரு கொடம் இது? ஓட்டைல்லா கெடக்கு!"

கதவுகள் படபடவென்று சாத்திக்கொண்டன. முப்பிடாதியம்மாள் மட்டும் தலையை நீட்டினாள்.

"ஏங்கொடந்தான். அதுக்கென்ன?"

"எப்படிச் சித்தி ரொம்பும்?"

"ரொம்புத வரைக்கும் இரு."

அவனுக்கு முதலில் கோபம் வந்தது. பிறகுதான் அந்தக் குடம் ஏன் கடைசியில் வந்தது என்று விளங்கியது. வாசலில் பூமாரி பெட்டிமேல் உட்கார்ந்து, இந்தப் பக்கமே பார்க்காத மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜம்புவுக்குப் பொறுக்கவில்லை. ஓடிவந்து ஒரு துண்டு சோப்பைக் கையில் திணித்தான். "இத ஓட்டையில அப்பும்வே, நிமிசத்துல ரொம்பிரும். எந்திரியும்."

பூதத்தான் சோப்பைப் பார்த்தான், ஓட்டையைப் பார்த்தான். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வசதியாகக் குந்தினான். ஓட்டை வழியே ஒழுகிய தண்ணீரில் சோப்பை நனைத்து, நடுங்கும் கைகளில் நுரை பொங்கத் தேய்த்து, ஆற அமர முகம் கழுவ ஆரம்பித்தான்.