வணக்கம், மஹ்பூபி

வாயிலருகே இருந்த, முகம் பார்த்து வருகை பதியும் இயந்திரத்தின் முன் அம்பிகா நின்றாள். பச்சை விளக்கு எரிந்தது.

"வணக்கம், மஹ்பூபி" என்றது இயந்திரம்.

மஹ்பூபி இறந்துவிட்டாள். அவளுடைய நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதலுக்கு அம்பிகாவே போய் வந்திருந்தாள்.

ஆம்பூருக்கு வெளியே, நெடுஞ்சாலையை ஒட்டிய அந்தக் காலணித் தொழிற்சாலையின் ஒட்டும் அறையில் இருவரும் அடுத்தடுத்து அமர்ந்து வேலை பார்த்தவர்கள். ஷூவின் அடிப்பாகத்துக்குப் பசை பூசுவது அவர்கள் பணி. நெடியை வெளியே இழுக்கும் விசிறி பழுதாகிக் கிடந்த ஒரு நாள், மஹ்பூபி பசை டப்பாவின் மேலேயே சாய்ந்தாள். மருத்துவமனைக்குப் போகும் வழியில் உயிர் பிரிந்தது. வீட்டில் வலிப்பு வந்து இறந்தாள் என்று ஊருக்குச் சொல்லப்பட்டது. காலணிகளை வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்துக்கு அவள் வேலையிடத்திலேயே விழுந்து இறந்ததாக யாரோ புகார் அனுப்பிவிடவே, அவர்களிடம் அவள் நலமாக இருப்பதாகச் சொல்லப்பட்டது. அப்படியானால் அவளை நேரில் பார்க்க வேண்டும் என்றார்கள் அவர்கள்.

மனிதவள அதிகாரி புகழேந்தி எப்போதும் மரியாதையாகப் பேசுபவர். அம்பிகாவை நாற்காலியில் உட்கார வைத்துத்தான் கேட்டார்.

"ஒரே ஒரு நாள் தாம்மா. அவ கார்டு மாட்டிக்கினு, அவ சீட்ல உக்காந்து, நல்லா இருக்கேன்னு சொன்னா போதும். ஆர்டர் போய்ட்டா லைன்ல இருக்கிற எல்லாரும் வீட்டுக்குத் தான்."

அம்பிகா தலையசைத்தாள். இயந்திரத்தில் மஹ்பூபியின் பெயருக்கு அம்பிகாவின் முகத்தை ஏற்றினார்கள். ஒரு முகத்துக்கு இரண்டு பெயர்களை அது ஏற்காது என்பதால் அம்பிகாவின் பெயரை நீக்கினார்கள்.

முந்தைய நாள் மாலை, மஹ்பூபியின் தாயார் அஜீஸுன்னிசா அம்பிகாவின் வீடு தேடி வந்திருந்தார்.

"நாளைக்கு பாரின்காரங்க வர்றாங்களாமே. வேற ஒண்ணும் கேக்கல பேட்டி, நீயும் எனக்கு மக மாதிரி தான். எம் பொண்ணு அந்த ரூம்ல தான் விழுந்தான்னு ஒரு வார்த்தை சொல்லு. அவளுக்கு ஒரு நாளும் வலிப்பு வந்ததில்ல."

"சொல்றேம்மா" என்றாள் அம்பிகா. தான் வேறொன்றுக்கும் ஒப்புக்கொண்டிருப்பதைச் சொல்ல அவளுக்கு நா எழவில்லை.

இப்போது அவள் மஹ்பூபியின் நாற்காலியில், முகக்கவசம் அணிந்து அமர்ந்தாள். புது விசிறி ஓடியது. பசை டப்பாக்கள் அனைத்தும் மூடப்பட்டிருந்தன. ஆயினும் பசையின் நெடி அவள் முகத்தருகே மட்டும் அசையாமல் நின்றது.

"இன்னாடி மஹ்பூபி, சொர்க்கத்துல பிரியாணி எல்லாம் குடுக்குறாங்களா?" என்று எதிரே இருந்த தூபா கண்ணடித்தாள்.

"அங்கயும் ஒனக்கு பீஸ் கம்மி தான்."

தூபாவின் சிரிப்பு பாதியில் நின்றது. அது மஹ்பூபி அவளைச் சீண்டும் பேச்சு. அம்பிகா அவ்வாறு பேசியதே இல்லை. இப்போதும் தான் பேச நினைத்ததாக அவளுக்குத் தோன்றவில்லை.

வெளிநாட்டு நிறுவனத்தின் அம்மையார் வந்தார். உடன் சென்னையிலிருந்து வந்த மொழிபெயர்ப்பாளர் யாசிர். புகழேந்தி சற்றுத் தள்ளி, கைகட்டி நின்றார்.

"நல்லா இருக்கீங்களான்னு கேக்குறாங்க" என்றார் யாசிர்.

மனப்பாடம் செய்ததைச் சொல்லத்தான் அம்பிகா வாய் திறந்தாள்.

"நான் செத்துட்டேன்."

சொன்ன பிறகே அது அவள் காதில் விழுந்தது. முகக்கவசத்தைக் கழற்றினாள். இம்முறை தன் சொந்தக் குரலில் பேசினாள்.

"மஹ்பூபி செத்துட்டா சார். இந்த ரூம்ல தான் விழுந்தா. நான் அம்பிகா. அவ மாதிரி உக்கார வச்சிருக்காங்க."

யாசிர் தயங்கித் தயங்கி அதை மொழிபெயர்த்தார்.

புகழேந்தியின் குரல் உயரவேயில்லை. "பாவம், புகார் வந்ததுல இருந்து பயந்து போய்ட்டா சார். மெஷின் பொய் சொல்லாது. வாங்க, அதையே கேக்கலாம்."

அனைவரும் வாயிலுக்குச் சென்றார்கள். அம்பிகாவை இயந்திரத்தின் முன் நிறுத்தினார்கள்.

"வணக்கம், மஹ்பூபி."

அம்மையாரின் முகத்தில் நிம்மதி பரவியது. இந்தப் பதிலைக் கேட்கத்தான் அத்தனை தூரம் வந்தவர் போலத் தோன்றினார். கைக்கணினியில் எதையோ தட்டத் தொடங்கினார்.

"கம்ப்ளெய்ன்ட் முடிஞ்சதுன்னு சொல்றாங்க. உடம்பைப் பார்த்துக்கச் சொல்றாங்க" என்றார் யாசிர்.

"என் பேரு அம்பிகா" என்றாள் அவள். அதை யாரும் மொழிபெயர்க்கவில்லை.

எல்லோரும் உள்ளே திரும்பி நடந்தார்கள். அம்பிகா அம்மையாரின் பக்கத்தில்தான் நடந்தாள். அப்போது பின்னாலிருந்து குரல் கேட்டது.

"வணக்கம், மஹ்பூபி."

திரும்பினார்கள். இயந்திரத்தின் முன் யாரும் இல்லை. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பசையின் நெடி வாயிலிலிருந்து மெதுவாக அவர்களை நோக்கி வந்தது. அம்மையார் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டார்.

புகழேந்தி சிரிக்க முயன்றார். "மெஷின் ரிப்பேர் சார். சும்மா ஏதாச்சும் ஒரு பேரைச் சொல்லும்."

யாசிர் அதை மொழிபெயர்த்தார். கைக்கணினியின் மேல் அம்மையாரின் விரல் நின்றுவிட்டது. அவர் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார்.

"அப்போ, கொஞ்சம் முன்னாடி மெஷின் சொன்னதும் அப்படித்தானான்னு கேக்குறாங்க" என்றார் யாசிர்.

அம்மையார் முதன்முறையாக அம்பிகாவின் கழுத்திலிருந்த அட்டையை விட்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

அம்பிகா அட்டையைக் கழற்றினாள்.

"வாங்க. அவ எங்க விழுந்தான்னு காட்டுறேன்."

அவள் ஒட்டும் அறையை நோக்கி நடந்தாள். நெடி அவளையும் கடந்து, வழி தெரிந்தது போல முன்னே போய்க்கொண்டிருந்தது.