தொலைந்த போனுக்கு ஒரு முறைப்பாடு

சுனாமி சீதேவியின் புருசனையும் வீட்டையும் கொண்டுபோனது. அது போதாதென்று கடதாசிகளையும் கொண்டுபோனது. இளையதம்பி என்றொரு மனிதர் நாவலடியில் இருந்தார், வாவியில் வலை வீசினார், அவருக்கு அவள்தான் பெண்சாதி என்று நிரூபிக்க ஏழு மாதம் கந்தோர் கந்தோராக அலைந்தாள். அடையாள அட்டை எங்கே, பிறப்புப் பத்திரம் எங்கே என்று கேட்டவர்களுக்குக் கடலைக் கைகாட்டினால் கோபம் வந்தது. கடலிடம் போய்ப் பிரதி எடுத்து வரவா முடியும்?

திராய்மடுவில் வீடு கொடுத்ததும் அவள் செய்த முதல் வேலை, ஒரு ஷொப்பிங் பையைக் கூரை மரத்தில் கட்டித் தொங்கவிட்டது. அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குள் வந்த எந்தக் கடதாசியும் வெளியே போகவில்லை. கிளினிக் துண்டு, கரண்ட் பில், நிவாரண அட்டை எல்லாம் பைக்குள் ஏறின. "கச்சான் கடலை சுத்தி வாற பேப்பரையும் போட்டு வைங்கம்மா" என்று மகன் சுபாகரன் பகிடி பண்ணுவான். அவன் 2007இல் வாங்கிய போனின் பெட்டியையும் அவள் அப்படித்தான் எடுத்து வைத்தாள். வாவியில் இறங்கும்போது அந்தப் போனைப் பொலித்தீனில் சுற்றிக் கழுத்தில் கட்டிக்கொள்வான். றால் பட்டால் தண்ணீருக்குள் நின்றபடியே காத்தான்குடி வியாபாரிக்கு அடித்து விலை கேட்பான்.

2008 கார்த்திகையில் ஒரு காலை, கல்லடிப் பாலத்தடியில் றால் கூடையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு நின்றவனை ஒரு வெள்ளை வான் ஏற்றிக்கொண்டு போனது. சைக்கிள் கூடையோடு அங்கேயே நின்றது. பார்த்தவர்கள் ஒன்பது பேர். ஒரு கிழமைக்குள் அந்த ஒன்பது பேரும் அன்றைக்குப் பாலத்தடிக்கே போகாதவர்கள் ஆகிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல சீதேவிக்கு வாய் வரவில்லை. அவர்களுக்கும் மகன்மார் இருந்தார்கள்.

பொலிசில் மேசையில் இருந்தவர் அவள் அழுதழுது சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பெரிய கொப்பி திறந்தபடி கிடந்தது. பேனா அதன்மேல் கிடந்தது. அவர் அதைத் தொடவில்லை. "ஆமிக் கேம்பில போய்க் கேளுங்க" என்றார். கேம்பில் பொலிசைக் கேட்கச் சொன்னார்கள். இரண்டுக்கும் நடுவில் நடந்து அவளுடைய செருப்புத்தான் தேய்ந்தது. 2009 வைகாசியில் யுத்தம் முடிந்ததென்று டவுணில் வெடி கொளுத்தினார்கள். சண்டையே முடிந்துவிட்டது, இனிப் பிடித்தவர்களை வைத்துச் சோறு போட அவர்களுக்கென்ன விசரா, விட்டுவிடுவார்கள் என்று நம்பி அன்றைக்கு அவள் அவனுக்கென்று ஒரு சுண்டு அரிசி கூடுதலாகப் போட்டு ஆக்கினாள். அடுத்த நாள் அந்தச் சோற்றை நாய்க்கு வைத்தாள்.

வயிறு ஒன்று இருந்ததால் நண்டு விற்கத் தொடங்கினாள். காத்தான்குடியில் போன் கடை வைத்திருந்த கைறுன்னிஸா அவளுடைய நிரந்தர வாடிக்கை. புருசன் கட்டாருக்குப் போன பிறகு கடையைத் தனியாக நடத்தியவள், செத்த போனையும் எழுப்பிவிடுவாள் என்று பெயர் எடுத்தவள். 2011 மாசியில் ஒருநாள் சீதேவி நண்டோடு போனபோது, போனைத் தொலைத்த ஒருவனிடம் அவள் பெட்டியைக் கொண்டு வரச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பெட்டி என்னத்துக்குப் புள்ள?" என்று சீதேவி கேட்டாள்.

"பெட்டியில பதினஞ்சு இலக்கம் ஈக்கும் அக்கா. ஒவ்வொரு போனுக்கும் வேற வேற. சிம்ம மாத்தினாலும் அது மாறாது. ஆராவது அந்தப் போன்ல கதைச்சா எந்த டவரடியில ஈக்கிதெண்டு கம்பனிக்கு விளங்கிரும்."

சீதேவி கூடையை இறக்கி வைத்தாள்.

"என்ட மகன்ட போன் பெட்டி கிடக்கு."

கைறுன்னிஸா வந்தவனை அனுப்பிவிட்டு அவளுக்கு ஒரு கதிரை எடுத்துப் போட்டாள். கம்பனி நமக்குச் சொல்லாது, பொலிஸ் கேட்டால்தான் சொல்லும் என்றாள். "பொடியனப் பத்திச் சொன்னா அவனுகள் பேனயத் தூக்க மாட்டானுகள். போன் துலைஞ்சி பெய்த்தெண்டு சொல்லுங்க, எழுதுவானுகள். ஆனா ஒண்டு அக்கா, மனசில வெச்சிக்கங்க. போன் எங்க ஈக்கிதெண்டுதான் அது சொல்லும். மகன் எங்க ஈக்காரெண்டு சொல்லாது."

"போன் அவன்ட கழுத்திலதானே கிடக்கும்" என்றாள் சீதேவி.

அடுத்த நாள் பொலிசில் வேறொருவர் இருந்தார். போன் தொலைந்தது என்று சொல்லி முடிக்கவில்லை, பேனா எழும்பிவிட்டது. பெட்டியைக் கவனமாகத் திருப்பிப் பார்த்து, இலக்கத்தை இரண்டு தரம் சரி பார்த்தார். போனுக்கு இருந்த மரியாதையைப் பார்த்து சீதேவிக்கு வயிறு எரிந்தது.

"எப்ப துலைஞ்சது?"

"ரெண்டாயிரத்தி எட்டில ஐயா."

"மூணு வருசமா? அவ்வளவு பழசு எடுக்க ஏலாது."

பேனா கொப்பியில் படுக்கப் போனதை அவள் கண்டாள். "இல்ல ஐயா, போன கிழமை. பஸ்ஸில விட்டுட்டு இறங்கிட்டான்" என்று வாய் தானாகச் சொன்னது.

"ஆரு?"

"மகன்."

"அவர் ஏன் வரல்ல?"

"கொழும்பில வேலை ஐயா. லீவு குடுக்கிறாங்க இல்ல."

பேனா ஓடியது. என்ன அழகாக ஓடியது! எழுதியது சிங்களத்தில், அவளுக்கு ஓரெழுத்தும் தெரியாது. காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்துப் பிரதி கேட்டு வாங்கினாள். திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்தில் இருந்த மனுசி எத்தனை பிள்ளைகள் என்று கேட்டாள். "ஒரு மகன். கொழும்பில வேலை" என்றாள் சீதேவி. இரண்டாவது தரம் சொல்ல அது இன்னும் சுகமாக இருந்தது. திராய்மடு வரும்வரை அவளுக்கு லீவு கிடைக்காத ஒரு மகன் இருந்தான்.

நாலு மாதம் கழித்துப் பொலிசிலிருந்து ஆள் வந்தது. போன் களுதாவளை டவரில் பிடிபட்டிருந்தது. டவர் காட்டியது ஊரை மட்டும்தான். அந்த ஊருக்குள் எந்த வளவு என்று அதற்குத் தெரியாது. போட்டிருந்த சிம்மின் பெயரை வைத்துத்தான் ஆளைத் தேடிப் பிடித்தார்கள். நல்லரத்தினம், வெற்றிலைத் தோட்டக்காரர், அறுபது வயது, பொலிசைக் கண்டே வேர்த்துப்போன மனிதர். பொலிஸ் வாசலில் அவரைக் கண்டதும் சீதேவி முதலில் பார்த்தது அவருடைய கழுத்தைத்தான். ஒரு உருத்திராட்சம் கிடந்தது, வேறொன்றும் இல்லை.

"ஆரிட்ட வாங்கினீங்க அண்ணன்?"

"டவுண் பஸ் ஸ்டாண்டில தங்கச்சி. ரெண்டு வருசத்துக்கு முந்தி. ஒருத்தன் கையில வச்சு வித்தான். முகம் நினைப்பில்ல."

"அதுக்குள்ள ஏதும் கிடந்ததா? ஒரு நம்பர், ஒரு படம்?"

"எல்லாம் துடைச்சுத்தான் தந்தவன். வெறும் போன்." அந்த மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. என்ன செய்வதென்று தெரியாமல் கையிலிருந்த வெற்றிலைக் கட்டை அவளுடைய கையில் வைத்துவிட்டுப் போனார்.

அவர் சொன்ன இரண்டு வருசக் கணக்கைப் பொலிசில் ஒருவரும் எழுதவில்லை. சாமான் கிடைத்ததென்று ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு போனையும் ஒரு பற்றுச்சீட்டையும் கொடுத்தார்கள். கைறுன்னிஸா அதைக் கழற்றி உள்ளுக்கு இருந்த இலக்கத்தைப் பெட்டியோடு ஒப்பிட்டாள். பதினைந்தும் சரி. பிறகு கம்பியூட்டரோடு இணைத்து மத்தியானம் வரை தேடினாள். சுபாகரனின் ஒரு எழுத்துக்கூட இல்லை. சீதேவி வீட்டுக்கு வந்து, போனைப் பொலித்தீனில் சுற்றி, முறைப்பாட்டுப் பிரதியையும் பற்றுச்சீட்டையும் மடித்து, எல்லாவற்றையும் பைக்குள் போட்டாள்.

2014இல் காணாமற்போனவர்களை விசாரிக்கவென்று ஒரு குழு வந்தது. வரிசையில் நின்ற தாய்மாரில் சீதேவியின் பைதான் பெரியது. சிலரிடம் ஒரு படம், சிலரிடம் அதுவும் இல்லை. கடதாசி இல்லாமல் ஒருமுறை பட்ட பாடு போதும், இந்த முறை என்னை ஒருத்தரும் மடக்க முடியாது என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. கூப்பிட்டதும் பையை அப்படியே மேசையில் கவிழ்த்தாள். பொலிஸ் துண்டுகளை மேலே எடுத்து வைத்தாள். மகனின் போன் பிறத்தியான் கையில் இருந்தது, அப்படியென்றால் பிடித்தவர்கள் பறித்து விற்றிருக்கிறார்கள், இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்பது அவளுடைய கணக்கு.

குழுவின் பெரியவர் அந்தச் சிங்களத்தை வாசித்தார். வாசித்துக்கொண்டே அவருடைய முகம் மாறியது. மொழிபெயர்க்க இருந்த பெண்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்.

"அம்மா, உங்கட மகன் 2008ல காணாமற்போனதெண்டு சொல்றீங்க. இதில 2011 மாசியில பஸ்ஸில போனைத் துலைச்சவரெண்டு கிடக்கு. கொழும்பில வேலை செய்றாரெண்டும் கிடக்கு. உங்கட கையெழுத்துத்தான்."

"அது பொய் புள்ள! போனைத் தேடுறதுக்காகச் சொன்ன பொய்!"

அந்தப் பிள்ளை சொல்ல, பெரியவர் ஏதோ கேட்டார்.

"பொலிசுக்குப் பொய் சொன்ன நீங்க இஞ்ச மட்டும் உண்மை சொல்றீங்களெண்டு எப்பிடி நம்புறதெண்டு கேக்கிறார்."

சீதேவியின் பெயருக்கு நேரே அவர் சிவப்பில் ஒரு வரி எழுதினார். அடுத்தவரைக் கூப்பிட்டார்கள். மேசையில் கொட்டிக் கிடந்ததைப் பொறுக்கிப் பைக்குள் போட அவளுக்கு வெகுநேரம் பிடித்தது.

கைறுன்னிஸா கேட்டுவிட்டு முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நாந்தானே அக்கா சொல்லித் தந்த."

"நீ நல்லதுக்குத்தானே சொன்ன. என்ட வாய்தான் சரியில்ல" என்றாள் சீதேவி. அந்த வாய் அன்றைக்கு பஸ்ஸில் பட்ட சந்தோசத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. நினைத்தபோது தன் கன்னத்தில் தானே அறைய வேண்டும்போல் இருந்தது. நேரே பொலிசுக்குப் போனாள்.

மேசை அதேதான். ஆள் புதிது, தமிழ் நன்றாகத் தெரிந்தவர்.

"நான் பொய் முறைப்பாடு குடுத்த ஐயா" என்றாள். "என்ட மகன் போனைத் துலைக்கல்ல. கொழும்பில வேலை செய்யல்ல. அவன 2008ல பாலத்தடியில பிடிச்சித்துப் போனாங்க. நான் பொய் சொன்னனெண்டு எழுதுங்க. எழுதிப்போட்டு என்னப் பிடிச்சு உள்ள போடுங்க. பொய் சொன்னா மறியல்தானே?"

அவர் பழைய கொப்பி ஒன்றை எடுப்பித்து விரலால் தேடிப் பார்த்தார்.

"போன் கிடைச்சிட்டுதானே அம்மா?"

"ஓம், கிடைச்சிது."

"அப்ப முறைப்பாடு முடிஞ்சுது. முடிஞ்சதில ஒண்டும் எழுத ஏலாது. வீட்ட போங்க."

"ஐயா, அந்த ஒரு வரி. என்ட மகன் 2011ல இல்லையெண்டு ஒரேயொரு வரி."

திறந்த கொப்பியின்மேல் பேனா கிடந்தது. சீதேவி எட்டி அதை எடுத்து, இரண்டு கையாலும் அவருக்கு நேரே நீட்டினாள். அவர் கோபப்படவில்லை. பேனாவை வாங்கி, மூடியைப் போட்டு, சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.