இரவல் வரவேற்பறை

இன்சுலின் என்பது எங்கள் இல்லத்தில் அரிசிக்கு அடுத்தபடியாக மதிக்கப்படும் பொருளாகும். அரிசியை நியாயவிலைக் கடை தருகிறது. இன்சுலினை அவ்வாறு தருவார் இல்லை. கையிலிருந்த புட்டி தீரும் நிலையை அடைந்தபோது, ஏழை நோயாளிகளுக்குக் கால் விலையில் மருந்து வழங்கும் ஓர் அறக்கட்டளைக்கு, மருத்துவரின் சீட்டை இணைத்து விண்ணப்பித்தேன். அவர்களும் இசைந்தனர். ஆயினும், நாங்கள் மெய்யாகவே வசதியற்றவர்கள்தாமா, மருந்தைக் குளிர்ச்சியாகப் பாதுகாக்கிறோமா என்பதை அவர்களுடைய அலுவலர் நேரில் வந்து காண வேண்டுமாம்.

இத்தனையும் கேட்ட என் மனைவி பெர்னதெத் கருத்தில் கொண்டது ஒன்றே: வீட்டிற்கு விருந்தினர் வருகிறார். தமிழும் கன்னடமும் கலந்து ஒலிக்கும் எங்கள் மர்பி டவுன் பேட்டையில் வருபவர் பாதிரியாரே ஆயினும், மின்கணக்கு எடுப்பவரே ஆயினும் உபசரிப்பில் வேற்றுமை கிடையாது.

குறித்த நாளில் நான் பூசை முடிந்து திரும்பியபோது, எங்கள் ஒற்றை அறை உருமாறியிருந்தது. எதிர்வீட்டு யூனிஸின் சோபா நடுவே வீற்றிருந்தது. பக்கத்து வீட்டு டேரிலின் இரட்டைக் கதவுக் குளிர்பதனப் பெட்டி மூலையில் உறுமிக்கொண்டிருந்தது.

"இன்னா பெர்னி இது? ஏழைன்னு சொல்லித்தானே மருந்து கேட்டுக்கீறோம்?"

"ஏழைன்னா பாயில உக்கார வெக்கணுமா? வர்றவங்கோ வெளிய போயி இன்னா சொல்லுவாங்கோ? வாய மூடிக்கினு ஷர்ட்ட மாத்துங்கோ."

மாற்றினேன். திருமணத்தின்போது தைத்த கோட்டு ஒன்றையும் அணிந்துகொண்டேன்; அஃது இன்றும் எனக்குப் பொருந்துகிறது.

அலுவலர் யசோதா வந்தார். சோபாவில் அமர்ந்து சுற்றிலும் நோக்கினார்.

"வீடு சூப்பரா இருக்கு மேடம்," என்றார். அக்குரலில் பாராட்டைவிட ஐயமே மிகுந்திருந்தது. பெர்னதெத் பூரித்தாள்.

"கேக்கெல்லாம் பேடா மேடம்," என்று கன்னடம் கலந்து கூறி, பெர்னதெத் நீட்டிய தட்டை வேண்டாமெனக் கையால் மறுத்து, அவர் எழுந்தார். "இன்சுலின் ஃப்ரிட்ஜ்லதானே இருக்கு?" என்றபடியே கதவைத் திறந்தார்.

உள்ளே இன்சுலின் இல்லை. பீர் புட்டிகள் அணிவகுத்து நின்றன. அவற்றின் அருகே ஒரு பொட்டலம் கருவாடு இருந்தது.

"சார், சுகர் உங்களுக்குத்தானே?"

"அது மருந்து இல்லிங்கோ, மேடம்."

"அது எனக்கும் தெரியுது சார்." யசோதா பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "சோபா, டபுள் டோர் ஃப்ரிட்ஜ், கோட்டு. இவ்ளோ வெச்சிக்கிட்டு கால் வெலைக்கு கேட்டா, ஆபீஸ்ல நான் என்ன சொல்றது? ஸாரி."

அவ்வேளையில் வாயிலில் யூனிஸ் தோன்றினாள். "அக்கா, அந்தம்மா போய்ட்டாங்களா? எங்க மாமியார் வந்துக்கினு, உக்கார சோபா எங்கடின்னு கத்துறாங்கோ!" யசோதாவைக் கண்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவளுக்குப் பின்னாலேயே டேரில் தலையை நீட்டினான். "ஆன்ட்டி, ஃப்ரிட்ஜு அப்டியே இருக்கட்டும். மேட்ச் ஸ்டார்ட் ஆயிட்ச்சி, ரெண்டு பீர் மட்டும் எடுத்துக்கிறேன்."

யசோதா சிரிப்பை அடக்க அரும்பாடுபட்டார். "மேடம், இதுல உங்களுது எது?"

பெர்னதெத்தின் முகம் சிவந்தது. "கேக்கு எங்களுது. நானே சுட்டேன். அப்பறம், இது." கட்டிலின் அடியிலிருந்து ஒரு மண்பானையை இழுத்தாள். அடியில் சிறிது நீர். அதன்மேல் மூடியிட்ட டப்பா. அதனுள் என் இன்சுலின். "ஆஸ்பத்திரி நர்சம்மா இப்டி வெக்க சொன்னாங்கோ. அந்தக் கருவாட்டு நாத்தத்துல கொண்டுபோயி மருந்த வெப்பேனா நானு?"

யசோதா புட்டியைத் தொட்டுப் பார்த்தார். அது குளிர்ந்திருந்தது.

"இத மொதல்லயே காட்டியிருக்கலாமே மேடம்!"

"வந்தவங்களுக்கு யாராவது பானையக் காட்டுவாங்களா?"

சோபா தெருவைக் கடந்து மாமியாரிடம் சென்றது. யசோதா தரையில் அமர்ந்து, மறுத்த கேக்கில் இரண்டு துண்டுகளை உண்டார். எனக்கு ஒரு துணுக்கும் தரலாகாது என்று கண்டிப்பாக உரைத்தார். பிறகு எங்கள் பெயரைத் தகுதியுடையோர் வரிசையில் சேர்த்தார். எனக்கு மூச்சு வந்தது.

"சனிக்கிழமை மருந்து வரும். எங்க ஆளு வீட்டுக்கே கொண்டாந்து குடுப்பாரு."

"வீட்டுக்கா? எத்தினி மணிக்கு வருவாரு?" என்று வினவிய பெர்னதெத்தின் பார்வை, தெருக்கோடி வரை சென்று, எவர் வீட்டில் நல்ல நாற்காலி இருக்கிறது என்று ஆராயத் தொடங்கியிருந்தது.