முதல் சனிக்கிழமைச் சங்கு

கொரின் தந்தையின் இடக் கன்னத்தை மழித்து முடித்து, சவரக்கத்தியை வெந்நீரில் அலசிக்கொண்டிருந்தபோது ஊர்ச் சங்கு ஊதத் தொடங்கியது.

“மணி பன்னெண்டா?” என்று கேட்டார் ஆர்வில்.

“பன்னெண்டுதான்ப்பா. முதல் சனிக்கிழமை இல்ல? சங்கு வேலை செய்யுதான்னு பாக்கறாங்க.”

“எனக்குத் தெரியாதாக்கும். சாகப்போறவனுக்குக் கிழமை மறந்துடும்னு எவன் சொன்னான்?”

“ஆடாதீங்க, கத்தி பட்டுடும். நாளைக்குப் பாதிரியார் வர்றார்.”

“தாடியோடயே இருந்துட்டுப் போறேனே. பைபிள்லேர்ந்து எவனோ எறங்கி வந்துட்டான்னு அந்த மனுஷன் கொஞ்சம் பயந்துக்கட்டும்.”

கொரின் சிரித்துவிட்டாள். சிரித்து எத்தனை நாளாயிற்று என்று எண்ணிப் பார்க்கவும் அவளுக்கு அப்போது நேரமில்லை. வலக் கன்னத்தில் நுரை காய்ந்துகொண்டிருந்தது.

எலும்புக்குள் பரவிவிட்ட புற்றுக்கு இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மருத்துவமனை அவரை வீட்டுக்கு அனுப்பி மூன்று வாரம் ஆகியிருந்தது. சாப்பாட்டு மேசையை வண்டிக் கொட்டகைக்குத் தள்ளிவிட்டு, அது இருந்த இடத்தில் சக்கரம் வைத்த இரும்புக் கட்டிலைப் போட்டிருந்தார்கள். நாற்பது ஆண்டுகள் அந்த வட்டாரத்தின் மண்சாலைகளைச் சமன்செய்யும் வண்டியை ஓட்டியவர் ஆர்வில். எந்தச் சாலையில் எந்த மேட்டில் பனி முதலில் இறுகும் என்பது அவருக்கு மனப்பாடம். இப்போது கட்டிலின் இடப்புறத்திலிருந்து வலப்புறத்துக்குத் திரும்புவதற்கு மகளின் இரண்டு கைகள் வேண்டியிருந்தன. வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று அவர் சொன்னதால், காலையிலிருந்து சன்னல் திரையைக் கொரின் இழுத்து மூடியே வைத்திருந்தாள்.

அவள் கணவன் டேரில் விடியுமுன்பே போய்விட்டான். அயோவாவில் மே மாதம் வந்துவிட்டால் சோளம் ஊன்றுபவனுக்குச் சனிக்கிழமையும் இல்லை, சாவும் இல்லை. பிறர் நிலத்தில் கூலிக்கு டிராக்டர் ஓட்டுபவனுக்குக் கேட்கவே வேண்டாம்.

பிள்ளைகள் இருவரும் வாசலில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு வண்டி வரும் சரளைப் பாதையின் நடுவே, கழுத்தில் இரண்டு கறுப்பு வளையம் போட்ட ஓர் ஆள்காட்டிக் குருவி நான்கு முட்டைகள் இட்டிருந்தது. கூடு என்று எதுவுமில்லை, வெறும் சரளைக்கல். வண்டி ஏறிவிடாதபடி டேரில் சுற்றிலும் செங்கல் வைத்திருந்தான். யாராவது அருகே போனால் அந்தக் குருவி இறக்கை ஒடிந்ததுபோல் ஒருபக்கம் சாய்ந்து, கதறிக்கொண்டே தொலைவுக்கு நொண்டிப் போகும். அன்று காலை ஐந்து வயது ஜூனி ஓடிவந்து, “தாத்தா, அந்தக் குருவி பொய் சொல்லுது!” என்று புகார் செய்தாள்.

“பொய்யா?” என்றார் ஆர்வில். அவருக்கு ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு தேவைப்பட்டது. “ஒரு நரியும் அப்படித்தான் கேட்டுச்சு. ‘நல்லா இருக்கற இறக்கைய ஒடிஞ்சதுன்னு ஏமாத்தினியே, வெக்கமா இல்ல?’ன்னு. அதுக்குக் குருவி என்ன சொல்லுச்சு தெரியுமா? ‘நீ முட்டை எங்கன்னு கேட்ட. நான் என்னைத் தின்னுக்கோன்னு சொன்னேன். இதுல எதுடா பொய்?’”

“அப்புறம் நரி?”

“நரிக்குப் பதில் தெரியல. இன்னும் யோசிச்சிட்டிருக்கு.”

ஜூனிக்கு அந்தக் கதை பிடிக்கவில்லை. நரிக்கு அடி விழுந்திருக்க வேண்டும் என்பது அவள் கட்சி.

சங்கு நிற்கவில்லை. மாதத்தின் முதல் சனிக்கிழமை நண்பகலில் ஒரே ஒரு நிமிடம் ஊதிச் சரிபார்ப்பது அந்த ஊர் வழக்கம். வானத்தில் மேகம் திரண்டிருந்தால் அன்று சோதனை கிடையாது; அப்படிப்பட்ட நாளில் ஊதினால் அது சுழற்காற்று வருகிறது என்னும் மெய்யான ஊதல். இதை அங்கே பள்ளிக்குப் போகாத குழந்தையும் அறியும். கொரினும் அறிவாள். ஆனால் மூன்று வாரமாகச் சேர்ந்தாற்போல் இரண்டு மணி நேரம் உறங்காதவளுக்கு, அறிந்ததெல்லாம் வேண்டிய வேளையில் கைக்கு அகப்படுவதில்லை. ஐந்து நிமிடமாவது கழிந்திருக்கும். மோவாய்க்குக் கீழே கத்தியை வைத்தபோது மூத்தவள் டெஸ்ஸா தங்கையைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

“அம்மா, வானம் பச்சையா இருக்கு. குருவியெல்லாம் கத்தறத நிறுத்திடுச்சு.”

கொரின் திரையை விலக்கினாள். தென்மேற்கில் வயல் முடியும் இடத்தில் வானம் பழைய காயத்தின் நிறத்தில் தாழ்ந்து நின்றது. அடுக்களையிலிருந்த அலைபேசியில் அரசு எச்சரிக்கை அலறியது: சுழற்காற்று தரை தொட்டுவிட்டது, ஆறு மைல் தொலைவில், இந்தத் திசை நோக்கி.

“நிலவறைக்குப் போங்க. ரெண்டு பேரும். ஓடுங்க!”

“நீ?” என்றாள் ஜூனி.

“தாத்தாவத் தூக்கிட்டு வர்றேன்.”

அவள் தந்தையின் அக்குளுக்குக் கீழே இரு கைகளையும் நுழைத்துத் தூக்கினாள். அவர் வாயிலிருந்து வந்த ஒலியை மனிதக் குரல் என்று சொல்ல இயலாது. அவள் விட்டுவிட்டாள். நிலவறைப் படிகள் பதின்மூன்று, செங்குத்தானவை, இரண்டு ஆண்கள் சேர்ந்து சலவை இயந்திரத்தை இறக்கியபோதே சுவர் பெயர்ந்த படிகள். அடுத்த வீட்டுக்காரர்கள் இந்நேரம் தங்கள் நிலவறையில் இருப்பார்கள். அந்த ஐந்து நிமிடத்துக்கு முன்பு அழைத்திருந்தால் வந்திருப்பார்கள்.

“நீ வராம நான் போகமாட்டேன்!” என்று படிமுனையில் நின்று ஜூனி வீறிட்டாள். டெஸ்ஸா அவள் சட்டையைப் பிடித்திருந்தாள்.

“கொரி, கீழ போ” என்றார் ஆர்வில்.

“உங்கள விட்டுட்டா? பேசாம இருங்க.” அவள் வீட்டிலிருந்த போர்வைகளையெல்லாம் கொண்டுவந்து அவர்மேல் அடுக்கினாள். கட்டிலைச் சன்னலிலிருந்து உட்சுவர் ஓரமாகத் தள்ளிச் சக்கரத்தைப் பூட்டினாள்.

“நானே போயிட்டிருக்கறவன். காத்து தூக்கிட்டுப் போனா உங்களுக்குக் குழி தோண்டற வேலை மிச்சம்.”

“அப்பா, வேண்டாம்.”

“அந்தப் பொண்ணு கத்தறா, காது வலிக்குது. எனக்கு இப்பத்தான் தூக்கம் வருது. அதையும் கெடுக்காத.”

அவர் கண்களை மூடினார். நான்கைந்து நொடிகளில் குறட்டை விடத் தொடங்கினார். ஏறி இறங்கும், ஒழுங்கான, நல்ல குறட்டை. கொரினின் தாய் உயிரோடிருந்தவரை மாதர் சங்கத்தில் அடிக்கடி பெருமை பேசுவாள்: ‘நாப்பத்தாறு வருஷம், ஒரு ராத்திரிகூட எங்க வீட்டு மனுஷன் குறட்டை விட்டதில்ல.’ அது கொரினுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். அவள் அந்தப் பாதி மழித்த முகத்தைப் பார்த்தாள். பிறகு திரும்பி, ஜூனியை இடுப்பில் அள்ளிக்கொண்டு படியிறங்கினாள்.

நிலவறையில் தக்காளிப் புட்டிகள் அடுக்கிய பலகைக்கு அடியில் மூவரும் ஒடுங்கி அமர்ந்தார்கள். பேட்டரி வானொலியில் ஒருவன் ஊர்ப்பெயர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு பெயரும் முந்தியதைவிட அருகிலிருந்தது. தலைக்கு மேலே மரத்தளம், அதன்மேல்தான் கட்டில்.

“தாத்தா பயப்படுவாரா?” என்றாள் ஜூனி.

“தூங்கறார்.”

டெஸ்ஸா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

ஆலங்கட்டி விழத் தொடங்கியது. முதலில் ஒன்றிரண்டு, பிறகு லாரியிலிருந்து கல் கொட்டுவதுபோல. வீடு முழுவதும் முனகியது. ஜூனி இரு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு அழுதாள். கொரின் எட்டி வானொலியின் ஒலித் திருகியைக் கடைசிவரை திருப்பினாள். பிள்ளைகளுக்குக் காற்றின் ஓசை கேட்கக் கூடாது. பிள்ளைகளுக்காகத்தான் என்று அப்போது எண்ணினாள்.

இருபத்திரண்டு நிமிடம். சுழற்காற்று வடக்கே ஒதுங்கி, நாலு மைலுக்கு அப்பால் யாருடைய தானியக் கொட்டகையின் கூரையையோ தூக்கி எறிந்துவிட்டு மேகத்துக்குள் திரும்பிவிட்டது. கொரின் மேலே வந்தபோது ஒரு கண்ணாடிகூட உடைந்திருக்கவில்லை. நாட்காட்டி ஆணியில் நேராகத் தொங்கியது.

ஆர்வில் இறந்திருந்தார். உடம்பில் சூடு இருந்தது. அவள் அடுக்கிய போர்வைகளில் இரண்டு தரையில் கிடந்தன. அவள் உள்ளே வைத்து மூடிய இடக்கை வெளியே நீண்டு, கட்டிலின் பக்கக் கம்பிமேல் கிடந்தது. விரல்கள் மடங்கியிருந்தன. கல்யாண மோதிரம் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அவள் அந்தக் கையை நெடுநேரம் எடுத்து உள்ளே வைக்கவில்லை.

“டெஸ்ஸா, தங்கச்சியக் கூட்டிட்டு மாடிக்குப் போ.”

“தாத்தா எழுந்துட்டாரா?” என்றாள் ஜூனி.

“மாடிக்குப் போ, கண்ணு.”

கிண்ணத்துத் தண்ணீர் ஆறிப்போயிருந்தது. அதைக் கொண்டே அவள் வலக் கன்னத்தை மழித்தாள். முதல் தடவையைவிடச் சுலபமாக இருந்தது, அவர் பேசவில்லை.

மணி ஒன்று அடிப்பதற்குள் அடுத்த வீட்டு ஃபேய் பின்வாசலைத் தட்டினாள். கையில் துணியில் பொதிந்த கண்ணாடித் தட்டம், அதில் சுட்ட மீன் பண்டம்.

“எங்களுக்கு ஒரு ஓடுகூடப் போகல, கடவுள் புண்ணியம். சங்கு ஊதினப்ப இது அடுப்புல இருந்துச்சு, அணைக்க மறந்தே போயிட்டேன். ஓரமெல்லாம் கருகிடுச்சு, நடுவுல எடுத்துக்கோ. ஆர்வில் மீன் போட்டா சாப்பிடுவாரில்ல?” என்று ஒரே மூச்சில் சொன்னவள், கொரின் பின்னால் தெரிந்த கட்டிலைப் பார்த்தாள். தட்டத்தை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. “ஐயோ, கொரின். இப்பவா?”

“நாங்க கீழ இருந்தோம்.”

“பின்ன? பிள்ளைங்கள வச்சுக்கிட்டு வேற என்ன பண்ணுவ?” என்றாள் ஃபேய், சற்று விரைவாக.

ஆர்விலை வீட்டுக்கு வந்து பார்த்துவந்த தாதி மார்லிஸ் வருவதற்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. சாலையில் இரண்டு இடங்களில் மரம் விழுந்திருந்ததாம். நாடி பார்த்தாள், கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தாள், காகிதத்தை எடுத்தாள்.

“எத்தனை மணிக்கு?”

“பன்னெண்டே காலுக்கும் பன்னெண்டு நாப்பதுக்கும் நடுவுல. நான் பக்கத்துல இல்ல.”

மார்லிஸின் பேனா ஒரு நொடி நின்றது. பிறகு எழுதியது.

“ஒண்ணு கேக்கணும்” என்றாள் கொரின். “கடைசியில இவங்களுக்குக் கை தூக்கற சக்தி இருக்குமா? எதையாவது பிடிக்க, தட்ட?”

“சிலருக்கு இருக்கும். சிலருக்குக் கை தானா அசையும், அவங்களுக்கே தெரியாது. என் அனுபவத்துல, நிறையப் பேர் நாம பக்கத்துல இல்லாத நேரமாப் பாத்துத்தாம்மா போறாங்க.”

இதையே அவள் எல்லா வீடுகளிலும் சொல்வாள் என்று கொரினுக்குத் தோன்றியது. நல்ல சொல்தான். நல்லவள்தான். அவளுக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தாள்.

நான்கு மணிக்கு அடக்கக்காரர்கள் வந்து உடலைக் கொண்டுபோனார்கள். பாதை நடுவிலிருந்த செங்கற்களைக் கண்டு ஓட்டுநர் இறங்கி விசாரித்தான். பிறகு புல்மேல் சக்கரம் ஏற்றிச் சுற்றிக்கொண்டு போனான். டேரில் அவர்களுக்குச் சற்று முன்னால்தான் வந்து சேர்ந்திருந்தான், முழங்கால்வரை சேறு. மாமனாரின் நெற்றியைத் தொட்டான். கொரினைத் தோளோடு அணைத்துக்கொண்டபோது அவன் சட்டையில் டீசல் வாடை அடித்தது.

“அவரே உன்னை அனுப்பியிருப்பார். எனக்குத் தெரியாதா அவர?”

“அனுப்பினார்.”

“அப்புறம் என்ன?”

அவள் படுக்கை விரிப்புகளை உருவிச் சுருட்டிக்கொண்டு நிலவறைக்கு இறங்கினாள். மேலே பிள்ளைகள் ஃபேயின் தட்டத்தில் கருகாத நடுப்பகுதியைத் தின்றுகொண்டிருந்தார்கள். சலவை இயந்திரத்தில் விரிப்புகளைப் போட்டாள். ஆனால் பொத்தானை அழுத்தவில்லை. தக்காளிப் பலகைக்கு அடியில், நண்பகலில் அமர்ந்திருந்த அதே இடத்தில் அமர்ந்தாள்.

“டேரில்!”

“என்ன?”

“கட்டில்கிட்டப் போ.”

காலடிகள் தலைக்கு மேலே நடந்து வந்து நின்றன. அடுக்களையில் பிள்ளைகளின் பேச்சும் நின்றது.

“வந்துட்டேன். என்ன வேணும்?”

“உன் மோதிரத்தால அந்தப் பக்கக் கம்பியத் தட்டு. மெதுவா.”

அவன் ஏன் என்று கேட்பான் என்று நினைத்தாள். கேட்கவில்லை.

மூன்று தட்டல்கள். கம்பியிலிருந்து கட்டில் கால் வழியாக, சக்கரத்திலிருந்து மரத்தளம் வழியாக, பக்கத்து அறைக் கதவை யாரோ தட்டுவதுபோல் அவ்வளவு தெளிவாக இறங்கி வந்தன.

“கேட்டுச்சா?”

கொரின் கையை நீட்டி வானொலியை மெல்லிய ஒலியில் போட்டாள். எந்தெந்த ஊரில் எத்தனை அங்குலம் மழை பெய்தது என்று ஒருவன் வாசித்துக்கொண்டிருந்தான். திருகியைச் சிறிது திருப்பி ஒலியைக் கூட்டினாள்.

“இன்னொரு தடவ” என்றாள்.

அவன் தட்டினான். அவள் இன்னும் சிறிது திருப்பினாள்.

“இன்னொரு தடவ.”