பூச்சுக்கு முன்

வசந்த கால விடுமுறை விட்டால் கல்லூரிப் பிள்ளைகள் ஊர் சுற்றுவார்கள், இல்லையென்றால் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவார்கள். இந்த வகுப்புக்கு மட்டும் புண்ணியம் தேடும் ஆசை வந்துவிட்டது. வீடில்லாதவர்களுக்கு வீடு கட்டித் தரும் சங்கம் ஒன்று பேருந்து அனுப்ப, ஏறி வந்துவிட்டார்கள். இறங்கிய வேகத்தில் செங்கல் குவியலுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அதுவரை ஒருத்தர்கூட ஒரு செங்கல்லைத் தொட்டிருக்கவில்லை.

அந்தக் கூட்டத்தில் ஒரு பெண். உயரத்தையும் ஒல்லியையும் பார்த்து சிநேகிதர்கள் வைத்த பெயர் கொக்கு. அவள் படம் எடுக்க நிற்கவில்லை. மனை ஓரத்துத் தகரக் கொட்டகையிலிருந்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வேலைக்குத் தயாராக வந்த பெண்மணியைப் பார்த்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இந்த வீடு யாருக்காகவோ அவள்தான் அது. கொக்குக்கு அவள் அத்தை. அப்பாவின் கூடப் பிறந்த தங்கை.

அப்பா செத்த கையோடு நடந்தது அது. காய்ச்சலில் கிடந்த மகளை ஆஸ்பத்திரியிலிருந்து தூக்கிக்கொண்டு அம்மா வீடு திரும்பியபோது கதவில் புதுப் பூட்டு தொங்கியது. துணிமணியெல்லாம் வாசலில் கிடந்தன. ஜன்னலுக்குப் பின்னால் அத்தை நின்றாள், அவளுக்குப் பின்னால் மாமா. "இது எங்கப்பா கட்டின வீடு. நீ வந்த வழியே போ," என்றாள் அத்தை. அம்மா அழுது பார்த்தாள், காலில் விழுந்தும் பார்த்தாள். ஜன்னலையும் சாத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு தையல் கம்பெனியில் அம்மா துணி தேய்த்த தேய்ப்பில்தான் கொக்கு இன்றைக்குக் கல்லூரியில் படிக்கிறாள். அந்த வீட்டை அத்தை விற்றுத் தின்றே தீர்த்துவிட்டாள் என்று பிற்பாடு காதில் விழுந்தது. விளங்கவே மாட்டாள் என்று அன்றைக்கே அம்மா வயிறெரிந்து சொன்னாள்.

சங்கத்தின் பொறுப்பாளர், பக்கத்தில் நிற்பவரிடம்கூட மேடையில் பேசுவதுபோலவே பேசுகிற மனிதர், முதல் நாளே விதிகளைச் சொன்னார். வீடு பெறும் குடும்பம் மாணவர்களோடு சேர்ந்து தினமும் உழைக்க வேண்டும். சொந்த வீடு இருந்து விற்றவர்களுக்கு இங்கே வீடு கிடையாது.

"இந்தம்மா ஒரு நாள்கூட சொந்தக் கூரைக்குக் கீழ படுத்ததில்ல," என்றார்.

அத்தை கூசாமல் தலையாட்டினாள். பிள்ளைகள் கை தட்டினார்கள். கொக்கு தட்டவில்லை. ஜோடி பிரித்தபோது தானே போய் அத்தைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"என்னைத் தெரியலையா?"

"தெரியலையேம்மா. சாந்துச் சட்டியை எடு."

தெரியாமல் என்ன? அப்பாவின் மூக்கும் நெற்றியும் அச்சு அசலாகக் கொக்கின் முகத்தில் இருந்தன. அத்தை அள்ளிய சாந்து சட்டியில் விழாமல் தரையில் விழுந்ததையும் அவள் பார்த்தாள்.

அன்றிலிருந்து இருவருக்கும் நடந்தது வேலை இல்லை, சண்டைதான். இருப்பதிலேயே கனமான சட்டியாகப் பார்த்து அத்தை அவள் தலையில் ஏற்றுவாள். கொக்கு வேண்டுமென்றே செங்கல்லை அத்தையின் கால் விரலுக்குப் பக்கத்தில் போடுவாள். "தெரியலையா?" என்று போகிறபோதும் வருகிறபோதும் கேட்பாள். "வாய் ஓயாத பொண்ணா இருக்கே, வேற ஆளை மாத்திக் குடுங்க," என்று அத்தை பொறுப்பாளரிடம் போய்ச் சொன்னாள். நல்ல ஜோடி என்று அவர் சிரித்துவிட்டுப் போனார்.

ஒரு மதியம் தண்ணீர் எடுக்கிற சாக்கில் கொக்கு கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தாள். மாமா கட்டிலில் கிடந்தார். ஒரு பக்கம் விழுந்துபோய், வாய் கோணி, எச்சில் வழிந்துகொண்டிருந்தது. தகரத்தின் சூட்டில் உள்ளே நிற்கவே முடியவில்லை. நல்லா வேணும் என்று அவளுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதில் அவளுக்கு வெட்கமும் இல்லை. மாமா அவளையே பார்த்தார், கண்ணில் நீர் கட்டியது. அத்தை ஓடிவந்து குறுக்கே நின்றாள்.

"வெளியாளுங்க உள்ள வரக் கூடாது."

"நான் வெளியாளா?"

"பின்ன?"

பொறுப்பாளரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வீடு கையை விட்டுப் போய்விடும். அது அத்தைக்கும் தெரியும், கொக்குக்கும் தெரியும். ஆனால் வீட்டைக் கெடுப்பது கொக்கின் எண்ணமில்லை. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. இவள் வாயால், நீ என் அண்ணன் மகள் என்று சொல்ல வேண்டும். தான் அதை அம்மாவிடம் போய்ச் சொல்ல வேண்டும்.

சுவர் எழும்பிக் கூரையும் போட்டாயிற்று. சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பூச்சு வேலைக்கு முந்தின சாயங்காலம், வெறும் செங்கல் சுவரில் ஆளுக்கொரு வாழ்த்து எழுதுவார்கள். மறுநாள் கொத்தனார் சாந்து பூசியதும் வாழ்த்துகள் சுவருக்குள்ளேயே இருந்துவிடும். பிள்ளைகள் சிரிப்பு, நிம்மதி, சந்தோஷம் என்று இருக்கிற நல்ல வார்த்தைகளையெல்லாம் அள்ளித் தெளித்தார்கள். கொக்கு படுக்கை அறைக்குப் போனாள். கட்டில் எங்கே வரும் என்று அத்தை கொத்தனாரிடம் காட்டியிருந்த மூலையில் குந்தி எழுதினாள்.

'எங்களைத் துரத்திவிட்டுப் பறித்த வீட்டை விற்றுத் தின்றாயே அத்தை, இங்கே உனக்குத் தூக்கம் வரக் கூடாது.'

அத்தை மட்டும் பார்ப்பாள், விடிந்தால் சாந்து மூடிவிடும் என்பது அவள் நினைப்பு. நன்கொடை தந்தவர்களுக்கு அனுப்புவதற்காகப் பூச்சுக்கு முன் சுவரெல்லாவற்றையும் பொறுப்பாளர் படம் பிடித்து வைப்பார் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

காலையில் எல்லோரையும் நிறுத்திவைத்து அவர் கைபேசியை நீட்டினார். முதல் தடவையாக அவர் குரல் இறங்கியிருந்தது.

"இது யார் எழுதினது?"

"நான்தான்," என்றாள் கொக்கு. மறைத்துப் பயனில்லை, அவள் கையெழுத்து எல்லோருக்கும் தெரியும்.

"யார் உனக்கு அத்தை? எந்த வீட்டை வித்தாங்க?"

கொக்குக்குக் கொட்டகையின் சூடும் அதில் கிடந்த மாமாவும் நினைவுக்கு வந்தன. அத்தை ஒரு வார்த்தை, ஆமாம் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லட்டும், விளையாட்டுக்கு எழுதினேன், வீட்டை விற்றதாக எழுதியது பொய் என்று சொல்லி அவர் காலைப் பிடிப்பதென்று முடிவு செய்துகொண்டாள். அத்தையைப் பார்த்தாள். கெஞ்சித்தான் பார்த்தாள்.

"இது யாருன்னே எனக்குத் தெரியாது சார்," என்றாள் அத்தை. "வந்த நாள்லருந்து என்கிட்டயே வம்பு பண்ணுது. பெத்தவ வளத்த லட்சணம் அப்படி."

அம்மாவை இழுத்ததும் கொக்குக்குக் கண் மண் தெரியவில்லை. தெருவைச் சொன்னாள், அந்தப் பச்சைக் கதவைச் சொன்னாள், வீட்டை வாங்கிய மருந்துக் கடைக்காரரைச் சொன்னாள். "போய் விசாரிங்க," என்றாள். பொறுப்பாளர் தள்ளிப் போய் யார் யாருக்கோ போன் செய்தார். வெகுநேரம் ஆகவில்லை. கொத்தனாரிடம் போய் வேலையை நிறுத்தச் சொன்னார். வீடு வேறு குடும்பத்துக்குப் போகும், மனை சங்கத்துடையது, அதனால் கொட்டகையையும் காலி செய்ய வேண்டும் என்று அத்தையிடம் சொல்லும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பேருந்தில் கொக்குக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. "படுத்த படுக்கையா கிடக்கிறவரை வெளிய தள்ளிட்டியே," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அவர்கள் முதலில் யாரைத் தள்ளினார்கள் என்று கேட்கத் திரும்பினாள். யாரும் அவளைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. வெளியே அத்தை நேராக அவள் ஜன்னலை நோக்கி நடந்து வந்தாள். திட்டப் போகிறாள், மண்ணை வாரித் தூற்றப் போகிறாள் என்று கொக்கு பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். அத்தை கத்தவே இல்லை.

"தெரியலையா தெரியலையான்னு உயிரை வாங்கினியே. இப்ப நல்லா தெரியுதுடி. எங்க அண்ணன் பொண்ணுதான் நீ. ஆனா அவனை மாதிரி இல்ல. அப்படியே நான்."

கொக்கு பதில் சொல்ல வாயெடுத்தாள். கொட்டகைக்குள் மாமா தண்ணீருக்குக் குழறினார். அத்தை திரும்பிப் போய்விட்டாள்.