உன் டாக்டரா, என் டாக்டரா

லிப்ட் மெக்கானிக்குக்கு நாற்பத்தாறு வயதில் கல்யாணம் ஆனது. மனைவி கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள், அவனைவிட இரண்டு வயது இளையவள். அந்த வயதில் சேர்கிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. அவன் பக்கம் மேஸ்திரி என்றொரு நாய். வீட்டில் யார் என்ன வேலை செய்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து மேற்பார்வை பார்ப்பதால் அந்தப் பெயர். அவள் பக்கம் கடுகு. குட்டியாக இருந்தபோது வைத்த பெயர். இப்போது ஐந்தரைக் கிலோ எடையுள்ள ஆண் பூனை.

நாயும் பூனையும் ஒரே மாதத்தில் சமாதானமாகி, ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து தூங்க ஆரம்பித்தன. இவர்களுக்குத்தான் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகவில்லை. டாக்டர் விஷயம்.

மேஸ்திரியின் டாக்டர் இரண்டு தெரு தள்ளி, டயர் கடைக்குப் பக்கத்தில் இருந்தார். பெரிய மீசை, அதைவிடப் பெரிய குரல். கடுகின் டாக்டரம்மா ஊரின் அந்தக் கோடியில். பஸ்ஸில் போனால் முக்கால் மணி நேரம். பூனைகள் காத்திருக்கத் தனி அறை, மேஜையில் துண்டு விரித்த பிறகுதான் பூனையை இறக்குவார், பேச்சு காதோடு காதாக.

"ஒரே வீட்டுல ரெண்டு டாக்டர் எதுக்கு? ஒரு ஆத்திர அவசரம்னா பக்கத்துல இருக்கறவர்தானே ஆவாரு?" என்பான் அவன்.

"உங்க டாக்டர் பேசறதும் அங்க இருக்கற நாய்ங்க குரைக்கறதும் ஒரே மாதிரி இருக்கு. என் பிள்ளை பயத்துலயே பாதியாயிடும்."

"அப்ப மேஸ்திரியை உன் டாக்டரம்மாகிட்ட கூட்டிட்டுப் போவோம். துண்டு பத்தாது. ஜமுக்காளம் விரிக்கணும்."

ஒரு சனிக்கிழமை, பார்த்துவிட்டுப் பேசலாம் என்று இரண்டு இடங்களுக்கும் சேர்ந்தே போனார்கள். மீசைக்காரரின் வாசலில் கன்றுக்குட்டி உயர நாய் ஒன்று அவள் மடியில் ஏறி, மூக்குக் கண்ணாடியை நக்கி எடுத்தது. டாக்டரம்மாவின் வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். அவன் ஷூவைக் கழற்ற, சாக்ஸ் ஓட்டையில் கட்டைவிரல் வெளியே எட்டிப் பார்த்தது. அத்தோடு அந்தப் பேச்சைக் கிடப்பில் போட்டார்கள்.

பிறகு ஒரு புதன்கிழமை. அவனுக்கு விடுமுறை, அவள் கடைக்குப் போய்விட்டாள். கடுகு ஒன்றுக்குப் போக வைத்திருந்த மணல் தட்டில் போய் உட்கார்ந்தது. எழுந்து வந்தது. ஐந்து நிமிடத்தில் மறுபடி போனது. நாலாவது தடவை உட்கார்ந்தபோது முனகியது. தட்டில் ஒரு சொட்டு ஈரமில்லை. மேஸ்திரி தட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அவனையும் பூனையையும் மாறி மாறிப் பார்த்தது.

மனைவிக்குப் போன் செய்தான். எடுக்கவில்லை. லென்ஸ் தேய்க்கும் மெஷின் ஓடினால் இடி விழுந்தாலும் கேட்காது. டாக்டரம்மாவின் நம்பரை வாங்கி வைத்துக்கொள்ள அவனுக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. பூனைக்கூடை எங்கே இருக்கிறது என்பதும் தெரியவில்லை. ஸ்பேனர்களைத் தரையில் கொட்டி, பழைய சட்டையை மடித்துப் போட்டு, டூல்ஸ் பைக்குள் கடுகை இறக்கினான். இறங்குவதற்குள் அது அவன் முன்கையில் நாலு கோடு கிழித்தது. ஜிப்பைப் பாதி மூடிக்கொண்டு மீசைக்காரரிடம் ஓடினான்.

அவர் கடுகின் வயிற்றை அழுத்திப் பார்த்தார். குரல் இறங்கியது.

"மூத்திரம் அடைச்சிருக்கு. மூத்திரப்பை கல்லு மாதிரி இருக்கு. ஆண் பூனைக்கு வர்றதுதான், ஆனா விட்டா உயிருக்கு ஆபத்து. டியூப் போட்டு எடுக்கணும்."

"போடுங்க டாக்டர்."

"பூனைக்குப் போட்டு எனக்குப் பத்து வருஷம் ஆச்சு. இங்க இருக்கற டியூப் இதுக்குப் பெருசு. தெரிஞ்ச மாதிரி நடிச்சு உங்க பூனையைக் கெடுக்க மாட்டேன்."

வலிக்கு ஊசி போட்டார். டாக்டரம்மாவின் நம்பர் அவரிடம் இருந்தது. தானே போன் போட்டு விவரம் சொன்னார். வாடகைக் கார் வந்ததும், வாசலில் இருந்த நாய்களை ஒரு அதட்டு அதட்டி ஓரம் கட்டி, பையைத் தன் கையாலேயே சீட்டில் வைத்தார்.

வழியெல்லாம் அவன் பைக்குள் கையை விட்டபடி உட்கார்ந்திருந்தான். "இருடா கண்ணு, இருடா. உங்கம்மா வந்தா நான் என்னடா பதில் சொல்லுவேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தான். டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். அவன் கவலைப்படவில்லை. கடுகு இப்போது கீறவில்லை. அதுதான் அவனை அதிகம் பயமுறுத்தியது.

டாக்டரம்மா கதவிலேயே நின்றிருந்தார். செருப்பைப் பற்றி யாரும் பேசவில்லை. பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது கையுறையைக் கழற்றிக்கொண்டே சிரித்தார்.

"அடைப்பு போயிடுச்சு. ரெண்டு நாள் இங்கயே இருக்கட்டும். நல்ல நேரத்துல கொண்டு வந்தீங்க."

மிஸ்டு கால் பார்த்துத் திருப்பிக் கூப்பிட்ட மனைவியிடம் நடந்ததையெல்லாம் சொன்னான். அவள் வந்தபோது ஏப்ரனைக்கூடக் கழற்றியிருக்கவில்லை. உடம்பெல்லாம் லென்ஸ் தூள். கூண்டுக்குள் மயக்கத்தில் கிடந்த பூனையைப் பார்த்தாள். அவன் முன்கையைப் பார்த்தாள். ஏப்ரன் நுனியைத் தண்ணீரில் நனைத்து, கீறல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள்.

"எரியுதா?"

"இல்ல. உன் டாக்டரம்மா கெட்டிக்காரி. இனிமே மேஸ்திரிக்கும் இவங்கதான்."

"அதெல்லாம் முடியாது. தனக்குத் தெரியலன்னா தெரியலன்னு சொல்ற டாக்டர் எங்க கிடைப்பாரு? இனிமே கடுகுக்கும் உங்காளுதான்."

"பூனைக்குச் சரிவராதுன்னு அவரே சொன்னாரேம்மா!"

"சொன்னாருல்ல? அதுக்காகத்தான்!"

குரல் ஏறியதும் பக்கத்துக் கூண்டுப் பூனை விழித்துக்கொண்டது. டாக்டரம்மா எட்டிப் பார்த்தார். "எதுவா இருந்தாலும் முதல்ல பக்கத்துல இருக்கறவர்கிட்ட காட்டுங்க. அவர் அனுப்பினா இங்க வாங்க. இப்ப ரெண்டு பேரும் வெளிய போய்ச் சண்டை போடுங்க."

இரண்டு வாரம் கழித்து மேஸ்திரியையும் கடுகையும் சேர்த்து மீசைக்காரரிடம் கொண்டுபோனார்கள். மதியம், கூட்டமில்லாத நேரம். அவர் கடுகுக்குப் புது அட்டை எடுத்தார். மேஜைமேல் எங்கிருந்தோ ஒரு துண்டைக் கொண்டுவந்து கோணலாக விரித்தார். "அந்தம்மா போன்ல சொன்னாங்க" என்றார், சற்று வெட்கத்தோடு.

"ஓனர் யாருன்னு போட?"

"ரெண்டு பேரையும் போடுங்க" என்றான் அவன்.

அவள் குறுக்கிட்டாள். "நாய் அட்டையிலயும் என் பேரைச் சேர்த்துடுங்க டாக்டர். மறந்துடாதீங்க."

மீசைக்காரர் பழைய அட்டையைத் தேட அலமாரியைத் திறந்தார். மேஸ்திரி எழுந்து போய், அவர் சரியாகத் தேடுகிறாரா என்று பார்க்கப் பக்கத்தில் உட்கார்ந்தது.