பதில் வெடி

"இன்னும் கொஞ்சம் தூக்கு," என்றார் சுலோ.

ஐலி ஜன்னலை இன்னும் ஒரு சாண் மேலே தள்ளினாள். நவம்பர்க் காற்று முன்னறைக்குள் புகுந்து மேசைமேல் இருந்த மருந்துச் சீட்டுகளைத் தரையெல்லாம் இறைத்தது. ராத்திரி முழுக்க விறகு போட்டு அவள் ஏற்றி வைத்திருந்த சூடு ஒரே மூச்சில் வெளியே போயிற்று.

"போதுமாப்பா? இல்ல, கூரையையும் பிரிச்சு விடட்டுமா?"

"வாயைப் பாரு. அப்படியே உங்கம்மா."

மூன்று கம்பளிகளுக்கு அடியில் சுலோ எலும்பும் தோலுமாகக் கிடந்தார். காது மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. இன்றைக்கோ நாளைக்கோ என்று நர்ஸ் முந்தின நாள் சாயங்காலம் வாசற்படியில் நின்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். மான் வேட்டை தொடங்கும் முதல் நாள் பார்த்தா இப்படி வர வேண்டும்! ஊரே காட்டில் இருந்தது. பள்ளிக்கூடத்துக்குக்கூட லீவு, அதனால் ஐலிக்குப் பஸ் ஓட்டும் வேலையும் இல்லை. அவள் புருஷன் கோர்டி வீட்டிலேயே இருக்கிறேன் என்றுதான் சொன்னான். கிழவர் விடவில்லை. "நான் சாகறதை நீ என்ன பாக்கறது? போய் மானைப் பாரு," என்று விரட்டிவிட்டார். தெற்கே கார் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஐலியின் தம்பி டேல் நேற்றுதான் வந்திருந்தான். அவனும் இருட்டோடு கிளம்பிப் போயிருந்தான்.

வெளிச்சம் வந்ததும் தூரத்தில் வெடிகள் கேட்க ஆரம்பித்தன.

"லின்ட்ஸ்ட்ரோம் வீட்டுக்காரன்," என்றார் சுலோ, கண்ணைத் திறக்காமல். "முன்னூத்தியெட்டு துப்பாக்கி. மூணு வெடி. மூணு வெடி கேட்டா அந்த மான் இந்நேரம் கனடா போய்ச் சேர்ந்திருக்கும்."

"பாவம், அவரை விடுப்பா."

"நாப்பது வருஷமா விட்டுட்டுத்தான் இருக்கேன்." அடுத்து ஒரு வெடி, சுள்ளென்று. சுலோவின் முகம் சுருங்கியது. "பாஸ்டர் மகன். இருநூத்தெழுபது. அந்தச் சனியனை எவன் விக்கிறான், எவன் வாங்குறான்."

துப்பாக்கி விஷயத்தில் சுலோவைப் போல ஒரு பிடிவாதக்காரர் அந்த ஏரிக்கரை முழுக்கத் தேடினாலும் கிடைக்க மாட்டார். மற்றவர்கள் சட்டை மாற்றுகிற மாதிரி துப்பாக்கி மாற்றினார்கள். தூரம் போகிறது, வேகம் போகிறது, தோள் வலிக்கவில்லை என்று ஆளுக்கு ஒரு பேச்சு. சுலோவிடம் இருந்தது ஒரே ஒரு பழைய முப்பது-முப்பது. ஐலியின் மெல்லிய துப்பாக்கிக்கு அவர் வைத்த பேர் 'பூச்சி துப்பாக்கி'. டேல் இந்த வருஷம் புதிதாக ஒரு முன்னூறு மேக்னம் வாங்கி வந்து காட்டியபோது, சாகக் கிடந்தவர் தலையைத் தூக்கி, "மானைச் சுடவா, மலையைப் பொளக்கவா?" என்று கேட்டார்.

காரணம் ரகசியமெல்லாம் இல்லை. சவுனா என்கிற நீராவிக் குளியலறையின் வெக்கையில் உட்கார்ந்து ரெண்டு பீர் உள்ளே போனால் அவரே சொல்லுவார். அவருக்கு ஒரு தம்பி இருந்தான், தைஸ்தோ என்று பேர். கையில் எப்போதும் முப்பத்தைந்து. கனத்த கதவை இழுத்துச் சாத்தினாற்போல அதற்கு ஒரு சத்தம். வழி தவறினால் ஒருத்தன் சுட வேண்டும், மற்றவன் பதிலுக்குச் சுட வேண்டும், அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வந்து சேர வேண்டும். சின்ன வயதிலிருந்தே இருவருக்கும் அதுதான் பேச்சு. முதல் நாள் காட்டில் நூறு வெடி கேட்கும். அதில் அண்ணன் வெடி எது என்று தம்பிக்குத் தெரியும், வீட்டு ஆளின் இருமல் தெரிகிற மாதிரி.

அந்த வருஷம் சுலோ முப்பது-முப்பதை விற்றுவிட்டுப் புதிதாக ஓர் இருநூற்றெழுபது வாங்கினார். தம்பியிடம் சொல்லவில்லை. முதல் மானை அடித்துவிட்டுக் காட்டி அசத்தலாம் என்று ஆசை, இளவயதுதானே. மத்தியானம் சதுப்பின்மேல் மூடுபனி இறங்கியது. தைஸ்தோ சுட்டான். சுலோ பதில் சுட்டார். தைஸ்தோ மறுபடி சுட்டான். சுலோ மறுபடி பதில் சுட்டார். ஒவ்வொரு தடவையும் தம்பியின் வெடி இன்னும் தள்ளித் தள்ளிக் கேட்டது. எவனோ அந்நியன் மானைத் துரத்துகிறான் என்று நினைத்து, தனக்குத் தெரிந்த சத்தத்தைத் தேடி அவன் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தான். ஆளும் கிடைக்கவில்லை, துப்பாக்கியும் கிடைக்கவில்லை. சதுப்பு ஒரு தொப்பியைக்கூடத் திருப்பித் தரவில்லை.

சுலோ போய்க் கெஞ்சிக் கூத்தாடிப் பழைய துப்பாக்கியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து முதல் நாள் விடியலில், மான் கண்ணில் பட்டாலும் படாவிட்டாலும், சதுப்பைப் பார்த்து ஒரு வெடி வைப்பார். கொஞ்ச நேரம் காது கொடுப்பார். அப்புறம்தான் வேட்டை. "மாமா மணியடிச்சாச்சு, இனி மான் ஒண்ணும் வராது, வாங்க வீட்டுக்குப் போகலாம்," என்பான் கோர்டி. அதற்கு மேல் யாரும் கேலி செய்வதில்லை.

காப்பி ஊற்றப் போன ஐலியை அவர் கூப்பிட்டார். குரல் மாறியிருந்தது.

"அம்மாடி, கேட்டியா?"

"எதைப்பா?"

"முப்பத்தஞ்சு." இரண்டு கண்ணும் விரிந்திருந்தன. "அவன்தான். சதுப்புலேருந்து. எந்திரி, எந்திரி, என் துப்பாக்கியை எடு. பதில் சொல்லு!"

ஐலி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். ஒன்றும் இல்லை. கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டுகிற சத்தம் மட்டும். எல்லாம் வலிக்கு நர்ஸ் கொடுத்த மருந்துத் துளிகள் செய்கிற வேலை என்று நினைத்துக்கொண்டாள். ஆனாலும் ஒரு வெடிதானே, வைத்துவிட்டு வந்தால் மனுஷர் நிம்மதியாகக் கிடப்பார் என்று உள்ளறைக்குப் போனாள்.

அலமாரியில் முப்பது-முப்பது இல்லை. அதன் இடத்தில் டேலின் பளபளப்பான மேக்னம் சாய்ந்து நின்றது. அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அப்பா கையாண்ட துப்பாக்கியாலேயே ஒரு மான் அடித்துக் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று அந்த அசடு எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். மனசு நல்ல மனசுதான். கேட்டுவிட்டு எடுக்கக் கூடாதா? போன் போட்டாள். சதுப்புப் பக்கம் என்றைக்குப் போன் எடுத்திருக்கிறது, இன்றைக்கு எடுக்க?

தன் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய், மணல் மேட்டில் ஒரு வெடி வைத்தாள். திரும்பி வந்தபோது அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"யாரு அது? நம்ம வீட்டுக்கிட்ட யாரு சுட்டது?"

"நான்தாம்பா. உன் துப்பாக்கிதான்."

"பொய் சொல்லாதடி. அது பூச்சி." கம்பளியை விலக்கிவிட்டு எழுந்திருக்கப் பார்த்தார். "தள்ளிப் போறான். கேளு. மறுபடி சுடுறான். தள்ளிப் போயிட்டான்."

அவளுக்குப் பதறியது. யோசிக்காமல் மேக்னத்தை எடுத்துக்கொண்டு ஓடி அதையும் சுட்டாள். தோள் கழன்றுவிட்ட மாதிரி இருந்தது. உள்ளே அப்பா, "கெடுத்துட்டியே, கெடுத்துட்டியே, ஓடுறானே," என்று அழுதுகொண்டிருந்தார். அவர் அழுது ஐலி பார்த்ததில்லை. அம்மா போனபோதுகூட அழாதவர். உயிர் பிழைக்க மாட்டார் என்பது தெரிந்த சங்கதி, அதற்கு அவள் மனசைத் தேற்றி வைத்திருந்தாள். இந்தப் பயத்தோடு போகக் கூடாது. அது ஒன்றைத்தான் அவள் வேண்டினாள்.

வண்டியை எடுத்துக்கொண்டு டேலைத் தேடிப் போகலாம். போய் வருவதற்குள் இங்கே தனியாகப் போய்விட்டால்? வேறு வழி தெரியாமல் ஐலி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, தொண்டை கிழியக் கத்தினாள்.

"சித்தப்பா! இங்க, இந்தப் பக்கம்! சித்தப்பா!"

பார்த்தே இராத சித்தப்பா. அவள் மகனைவிடச் சின்ன வயதில் தொலைந்து போன பையன். கத்தி முடித்ததும் அவளுக்கே வெட்கமாகவும் அழுகையாகவும் இருந்தது. அதற்கப்புறம்தான் கவனித்தாள், வெளியே ஒரு சத்தமும் இல்லை. குருவிகள் இல்லை. தூரத்து வெடிகள் இல்லை. சொட்டிக்கொண்டிருந்த பனிகூட நின்றிருந்தது.

அப்போது சதுப்பின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வெடி. முப்பது-முப்பது. சுலோவின் காது ஐலிக்கு இல்லை, ஆனாலும் அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவள் அவள்.

சுலோவின் அழுகை நின்றது.

"அது நான்," என்றார் மெதுவாக.

"ஆமாம்பா."

"நின்னுட்டான். கேக்குறான் பாரு... திரும்பிட்டான்." அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. பரணில் உட்கார்ந்து மானைப் பார்க்கிறவர் பக்கத்து ஆளிடம் கிசுகிசுப்பதுபோல ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். ஓடையைத் தாண்டிவிட்டான். தேவதாரு மரங்களுக்குள் வருகிறான். வேலியில் கால் மாட்டிக்கொண்டது, எடுத்துவிட்டான். நடுவில் நெடுநேரம் பேசாமல் கிடப்பார், மறுபடி ஆரம்பிப்பார். ஐலி அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். முற்றத்தில் பனியும் துணிக்கொடியும்தான் இருந்தன.

கடைசியில் சுலோ தலையைக் கொஞ்சம் தூக்கினார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஆள் நிற்கிற உயரத்தில் பார்த்தார்.

"இவ்வளவு நேரம் எங்கடா போயிருந்தே?" என்றார், அண்ணன் அதட்டுகிற குரலில்.

அந்த மூச்சு திரும்ப உள்ளே போகவில்லை. ஐலி வெகுநேரம் கையை விடாமல் உட்கார்ந்திருந்தாள். ஜன்னலை மூட மனசு வரவில்லை.

மத்தியானம் டேல் பின்கதவு வழியாக வந்தான். முப்பது-முப்பதைச் சமையலறைச் சுவரில் சாய்த்துவிட்டு முன்னறைக்குள் வந்து, பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அழுது ஓய்ந்த பிறகு அக்கா கேட்டாள்.

"நீ ஒரு வெடி வச்சியே, மான் விழுந்துச்சா?"

"மானைச் சுடலக்கா." அவன் முகம் வெளுத்திருந்தது. "மூடுபனி இறங்கிடுச்சு. யாரோ ஒருத்தன் சுட்டுக்கிட்டே இருந்தான். கதவை இழுத்துச் சாத்துற மாதிரி ஒரு சத்தம். ஒரு தடவை கிட்ட, ஒரு தடவை தள்ளி. வழி தெரியாம சுத்துறான் போலிருக்குன்னு நினைச்சு, பரண்ல இருந்தே தரையில ஒண்ணு சுட்டேன், இந்தப் பக்கம் வரட்டும்னு."

"வந்தானா?"

"பரணுக்குக் கீழ வந்து நின்னான். பனி நொறுங்குற சத்தம் கேட்டுச்சு, மூச்சு வாங்கறதுகூடக் கேட்டுச்சு. ஆளு தெரியலை. யாருப்பான்னு கேட்டேன், பதில் இல்ல. சின்னப் பையன், பயந்து போயிருக்கான்னு தோணுச்சு." டேல் உள்ளங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "ஓடையைத் தாண்டி நேரா போனா எங்கப்பா வீடு, அக்கா இருப்பாங்க, காப்பியும் ஏலக்காய் ரொட்டியும் குடுப்பாங்க, போன்னு சொன்னேன். போயிட்டான். வந்தானாக்கா?"

ஐலி பதில் சொல்லுமுன் முற்றத்திலிருந்து கோர்டியின் குரல் கேட்டது.

"ஐலி, காலையில யாரு வந்தா? வேலியிலேருந்து முன்ஜன்னல் வரைக்கும் காலடி. அடியில வரிகூட இல்லாத ஏதோ பழைய பூட்ஸ். வந்த தடம் இருக்கு, போன தடம் இல்லியே?"

"அங்கயே நில்லு!" என்றாள் ஐலி. இறந்தவர் இருக்கிற வீட்டில் இப்படிக் கத்தலாமா என்றுகூடப் பார்க்கவில்லை. "மிதிக்காத. பின்பக்கமா சுத்தி வா."

சவ அடக்கக்காரர்கள் இரண்டு பேர் வண்டியோடு வந்தபோதும் அதையே சொன்னாள். முன்கதவு அகலம், நாலே படி, சுலபமாக இறக்கிவிடலாம் என்று அவர்கள் பணிவாக எடுத்துச் சொன்னார்கள்.

"சமையலறை வழியாத்தான் போகணும்," என்றாள்.

"அந்த மூலையில திரும்பாது ஐலி," என்றான் கோர்டி.

"திரும்பும். மேசையைத் தூக்கி வெளியே போடு."

கோர்டி வாயைத் திறந்தான். டேல் அவன் தோளைத் தொட்டான், பிறகு மேசையின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கினான். நாற்காலிகள் போயின, விறகுப் பெட்டி போயிற்று. கதவு நிலையில் இரண்டு இடத்தில் இடித்துக்கொண்டுதான் சுலோ வீட்டைவிட்டுப் போனார். ஆண்கள் நாலு பேரும் வியர்த்துப் போனார்கள். ஐலி கூடவே வண்டிவரை நடந்து போய், போர்வையின் ஓரத்தைச் சரி செய்துவிட்டு வந்தாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் பனி பெய்ய ஆரம்பித்தது. கோர்டியும் டேலும் சமையலறையைப் பழையபடி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஐலி திறந்த ஜன்னலருகே கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றாள். வேலியோரத்துத் தடங்கள் முதலில் தூர்ந்தன. பிறகு துணிக்கொடிக்குக் கீழே இருந்தவை. ஜன்னலுக்கு அடியில், வீட்டைப் பார்த்து ஜோடியாக நின்ற இரண்டு மட்டும் ஆழமாக இருந்தன, அவை நிரம்ப நேரம் பிடித்தது. அவை நிரம்பும்வரை அவள் நகரவில்லை.

அப்புறம் ஜன்னலை இறக்கினாள்.

"கோர்டி," என்றாள். "இனிமே முன்கதவைத் திறக்கலாம்."